எட்டுச்செலவுக்கு ஒரு மீன்

தேவராஜாவின் எட்டுச்செலவு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் நாள் விடியப்புறம் அவருடைய தம்பி வரதராஜன் மலைக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டார். அனுப்பியவர் செத்தவரின் மனைவி சந்திரவதனா.

எட்டுச்செலவு என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். ஆள் செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் மச்சம், அதுதான் மீன் இறைச்சி, சமைப்பதில்லை. எட்டாம் நாளோ, அதை ஒட்டி வசதியான ஒரு நாளோ பார்த்து, செத்தவருக்கு எதிலெல்லாம் ஆசையோ அதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். மீன், இறைச்சி, முட்டை, குடிக்கிறவராய் இருந்தால் ஒரு போத்தலும். அதுவரை அவர் வீட்டைச் சுற்றித்தான் நிற்பார். நாம் சொல்வது அவருக்குக் கேட்கும். படையல் முடிந்து ஒரு பங்கைச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தால் அவர் போய்விடுவார். எங்கள் ஆட்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். நாங்கள் இருக்கிற கிரான்பர்னில் சந்தி கிடையாது, ரவுண்டபவுட்தான் இருக்கிறது. பரவாயில்லை, செத்தவர்கள் அதற்கும் பழகிவிட்டார்கள்.

சொல்வது கேட்கும் என்பதுதான் வரதராஜனுக்கு முக்கியம். அண்ணனிடம் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. எட்டுக்குள் சொல்லாவிட்டால் பிறகு யாரிடம் சொல்வது?

அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் அந்த அணைக்குப் போவார்கள். மவுண்ட் பியூட்டி என்கிற மலையடி ஊரைத் தாண்டி, மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறி முடிகிற இடத்தில் இருக்கிறது அது. பனி விழுந்து தண்ணீர் உறைவதற்கு முன்னால் வருகிற கடைசி நாட்களில் ட்ரவுட் மீன்கள் கரைக்கு வரும். முட்டையிடப் போகிற காலம். அப்போது அவற்றுக்குப் பசியும் கோபமும் அதிகம், எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும் என்பார் தேவராஜா. தூண்டில் வீசுவது எப்போதும் அவர். எஸ்கி என்கிற ஐஸ் பெட்டியைத் தூக்குவதும், சிக்கிய தங்கூசி நூலை அவிழ்ப்பதும், குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டு மீனின் குடலை எடுப்பதும் தம்பி. தம்பியை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் அண்ணன். அதனால் அந்த ஒழுங்கை யாரும் கேள்வி கேட்கவில்லை.

தேவராஜா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் அவருக்கு நாக்கு நீளும். ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு ஒரே கதைதான். “இவன் எயார்போட்டில வந்து இறங்கேக்க போட்டிருந்த ஜட்டியும் நான் அனுப்பினதுதான், கேட்டுப் பாருங்கோ.” எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சேர்ந்து சிரிப்பார். பல வருடம் அப்படிச் சிரித்தவர், தன் மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதே கதை வந்தபோது சிரிக்கவில்லை. அடுத்த மே மாதம் அண்ணன் கூப்பிட்டபோது, எஸ்கி தூக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

தேவராஜா தனியாகப் போனார். அணைக்கட்டில் நிற்கும்போது நெஞ்சை அடைத்தது. எங்கள் ஆம்பிளைகளுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது வாய்வுதானே. பெற்றோல் கடையில் ஒரு ஜிஞ்சர் பியர் வாங்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு வீடுவரை தானே ஓட்டி வந்தார். அன்று கெட்ட இதயம் பிறகு திருந்தவில்லை. ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒரு வருடம் இழுத்து, இந்த மே மாதம் முடிந்தது.

சந்திரவதனாவின் கணக்கில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் மலையிலேயே அம்புலன்ஸ் வந்திருக்கும். சவச்சாலையில் வாய்க்கரிசி போடும் நேரம், வரதராஜன் கையில் அரிசியோடு கிட்ட வந்தார். சந்திரவதனா தன் உள்ளங்கையால் புருசனின் வாயை மூடினார். அழவில்லை, ஏசவில்லை. மூடிய கையை எடுக்கவும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வரதராஜன் அந்த அரிசியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு விலகிப் போனார்.

அப்படிப்பட்ட சந்திரவதனாதான் மூன்று நாள் கழித்துத் தானாகவே வரதராஜனுக்குப் போன் எடுத்தார்.

“வரதன், அவர் கடைசியாக் கேட்டது அந்த அணை மீனைத்தான். கடையில வாங்கினதை நான் வைக்கமாட்டன். நீர் போய்ப் பிடிச்சுக்கொண்டு வாரும். நீரே உம்மட கையால படையும்.”

வரதராஜன் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து அழுதார். எட்டுச்செலவுக்கு ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வது எங்களுக்குள் சின்ன விசயம் இல்லை. நீ உரித்துக்காரன் என்று சொல்வதற்கு அது சமம். மன்னித்துவிட்டார் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். மனைவி விமலா மட்டும், தேங்காய் துருவிக்கொண்டே, “அந்த மனுசி உங்களை மீனுக்கு அனுப்பேல்லை” என்றார். பின்னே எதற்கு என்று கேட்டால் விமலாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. செத்த வீட்டு விசயத்தில் சந்தேகப்படாதே என்று வரதராஜன் சினந்தார்.

கார் ஓட்டக் கூடவே வந்தது செத்தவரின் மகள் மயூரா. முப்பது வயது, பிசியோதெரபிஸ்ட். வழியில் காசு கட்டி மீன் பிடிக்கிற ட்ரவுட் பண்ணை ஒன்று இருக்கிறது, சித்தப்பா அங்கே வாங்கிக்கொண்டு வந்து ஏமாற்றிவிடாமல் பார்க்கத் தாய் அனுப்பியதாகச் சொன்னாள். வரதராஜன் அதைக் கேட்டுச் சிரித்தார். பண்ணையைக் கடக்கும்போது, “இதில நிப்பாட்டினால் பத்து நிமிசத்தில அலுவல் முடியும், கொம்மாவுக்கு ஆர் சொல்லப் போயினம்” என்று அவளைச் சீண்டினார். அவள் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஏறியபோது வெயில் வந்துவிட்டது. சூடில்லாத வெயில். ரோட்டோரம் பனிக்காலத்துக்காக நட்ட செம்மஞ்சள் கம்பங்கள், அவற்றுக்குப் பின்னால் வெள்ளைத் தோல் உரிந்த மரங்கள். அணையில் ஒரு மனிதக் குஞ்சு இல்லை. கரையோரத்தில் மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது, காலை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. வரதராஜன் முழங்கால்வரை வருகிற றப்பர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, அண்ணனின் தூண்டிலை வீசினார்.

இத்தனை வருடம் பார்த்தே பழகிய கை, வீசப் பழகாத கை. முதலில் தங்கூசி தோளில் சுற்றியது. பிறகு கல்லில் மாட்டியது. விரல்கள் மரத்துப்போய், வாயால் ஊதி ஊதித்தான் சுழற்ற முடிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே தூண்டில் வளைந்தது. முழங்கை நீள ட்ரவுட். கறுத்த முதுகு, பொன் நிற வயிறு, பக்கங்களில் சிவப்புப் புள்ளிகள். கல்லில் வைத்துத் தலையில் ஒன்று போட்டு, வயிற்றைக் கீறினார். உள்ளே மாதுளை முத்துப்போல முட்டைகள். அவற்றை வழித்துக் கரையில் போட, கறுத்த பறவை ஒன்று நடந்து வந்து தின்றது.

“காணும் பிள்ளை, போவம். இருட்டுறதுக்கு முதல் வீட்டை போயிடலாம்” என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

“ஒண்டு காணாது சித்தப்பா. வன் மோர்.”

“படையலுக்கு ஒண்டு காணும். இதென்ன கலியாண வீடோ?”

“அப்பா ஒருநாளும் ஒண்டோட திரும்பி வந்ததில்லை.”

அந்த வார்த்தை வேலை செய்தது. வரதராஜன் அவளைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார்.

என் பிள்ளைகளே, அவருக்குத் தெரியாததை உங்களிடம் மறைத்து வைப்பது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை கரிநாள் என்று ஐயர் சொல்லிவிட்டார் என்று, சந்திரவதனா எட்டுச்செலவைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார். வியாழக்கிழமையே எல்லோருக்கும் போன் போனது. வரதராஜன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. வெள்ளி செவ்வாய் பார்த்து, கரிநாள் பார்த்து, வேலை லீவு பார்த்து எட்டை முன்னே பின்னே தள்ளுவது எங்களுக்குள் வழக்கம், அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மீன் வாங்கியாயிற்று, சுப்பர்மார்க்கெட்டில், பிளாஸ்டிக் தட்டில் வைத்துச் சுற்றிய ட்ரவுட். மயூராவுக்குத் தாய் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: இருட்டுவதற்கு முதல் அவரைக் கொண்டுவராதே.

மயூரா சம்மதித்துத்தான் வந்தாள். அப்பா ஒரு வருடம் மூச்சுக்கு அலைந்ததை அவள் பார்த்தவள். கொள்ளி வைத்த உன் தம்பி சுஜீதன் படையலுக்கு நிற்கிறான், நீ நின்றுதான் ஆக வேண்டும் என்று இல்லை என்றார் தாய். அவளுக்கும் அது சரியென்று பட்டது. சித்தப்பாவின் முகம் விழுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசைகூட அவளுக்கு இருந்தது.

தண்ணீருக்குள் நின்றவர் திரும்பாமலே கதைத்தார். “அண்ணைக்கு என்ன சொல்லப்போறன் தெரியுமோ?”

அவள் கரைக் கல்லில் குந்தினாள்.

“பெரிசா ஒண்டுமில்லை. நான் வந்திருக்க வேணும் எண்டு சொல்லுவன். அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் ஏசுவன்.”

“ஏசுவீங்களோ?”

“ஓம். உயிரோட இருக்கேக்க ஏசப் பயம். போற இடத்திலயாவது அந்த ஜட்டிக் கதையைச் சொல்லாதேங்கோ எண்டு கேட்பன்.”

மயூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்து காரடிக்கு நடந்தாள்.

மதியம் தாண்டிக் காற்று எழும்பியது. இரண்டாவது மீன் வரவில்லை. வரதராஜனின் உதடு நீலமாகி, தாடை அடித்தது. ஒருமுறை போவோமா என்று கேட்டார், இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னொருமுறை கேட்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்தார், அந்தப் பக்கம் போட்டுப் பாருங்கள் என்று கை காட்டினாள். அந்தப் பக்கம் போனவர் பாசி வழுக்கி இடுப்புவரை விழுந்தார். அவள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். பனிக்கட்டியைப் பிடித்ததுபோல் இருந்தது. நோயாளிகளின் கைகால்களோடு புழங்குகிறவள், இது இனி நிற்கக் கூடாத உடம்பு என்று அவளுக்குத் தெரியும்.

“குறை நினையாத பிள்ளை” என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. “ஒண்டோடதான் போகவேணும் போலகிடக்கு. அண்ணை நக்கலடிப்பார்.”

“சித்தப்பா…”

“என்ன?”

“ஹீற்றரைப் போட்டு விடுறன். ஏறுங்கோ.”

வரும் வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். அது இரக்கமா, நேரம் கடத்துவதா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் கோப்பையைக் கன்னத்தில் வைத்துச் சூடுகாட்டியபடி, நாளைக்குத் தானே சமைக்கப்போவதாகச் சொன்னார். அண்ணனுக்குப் பொரியல் பிடிக்காது, வெந்தயம் கூடப் போட்டுப் புளிக்குழம்பு வைக்க வேண்டும், கொம்மா புளியைக் குறைத்துவிடுவா, நான் வந்துதான் வைப்பேன் என்றார்.

அப்போது அவளுடைய போனுக்குச் சுஜீதன் அனுப்பிய படம் வந்தது. வாழையிலை, குத்துவிளக்கு, அப்பாவின் படம். நடுவில் பொரித்த ட்ரவுட். படத்தைச் சுற்றிப் பெரியம்மாக்கள், மச்சான்மார், அப்பாவோடு வேலை செய்தவர்கள், தெருவில் எப்போதோ கண்ட ஒருவர்கூட நின்றார். எல்லோரும் ஒவ்வொரு கரண்டி வைத்திருப்பார்கள். மயூரா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கிரான்பர்னுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் ரவுண்டபவுட்டில், புல் ஓரத்தில், கார் வெளிச்சம் பட்டு ஏதோ மின்னியது. ஒரு அலுமினியத் தட்டு. அதில் வாழையிலைத் துண்டு, சோறு, நண்டுக் கால், பாதி மீன். பக்கத்தில் திறந்த பியர் கான், புகைந்து முடிகிற ஊதுபத்தி.

“நிப்பாட்டு” என்றார் வரதராஜன்.

அவள் நிறுத்தவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினாள், ஆனால் நிறுத்தவில்லை. அவர் கழுத்தைத் திருப்பித் தட்டு மறையும்வரை பார்த்தார். இங்கே சுற்றுவட்டாரத்தில் எத்தனை தமிழ் வீடு, வேறு யாராவது செத்திருக்கலாம் என்றார். அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு முன்னால் கார்கள் நின்றன. வலைக்கதவுக்கு உள்ளே ஆட்கள் கடதாசித் தட்டுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொரியல் வாசம் வாசல்வரை வந்தது. வரதராஜன் எஸ்கியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஈரம் காயாத காற்சட்டை காலோடு ஒட்டியிருந்தது. சந்திரவதனா கதவைத் திறந்து வெளியே வந்து, தனக்குப் பின்னால் அதைச் சாத்தினார்.

“அண்ணி, நாளைக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்.”

“நாளைக்குக் கரிநாள். மாத்தினது.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“ஓம். சொல்லேல்லை.”

வரதராஜன் எஸ்கியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே விடுங்கள், சாப்பிட வரவில்லை, படத்துக்கு முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். அண்ணி என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

“அவர் போயிட்டார், வரதன்” என்றார் சந்திரவதனா. குரல் உயரவில்லை. “இப்பதான் சந்தியில வைச்சிட்டு வந்தவங்கள். வெறும் வீட்டுக்குள்ள வந்து ஆரோட கதைக்கப்போறீர்? அவரும் அண்டைக்கு அந்த அணையில ஒரு ஆளைத் தேடித்தான் நிண்டவர்.”

வரதராஜன் வாயைத் திறந்தார். நாள் முழுக்கக் குளிரில் அடித்த தாடை இப்போது அடிக்கவில்லை, அப்படியே நின்றது. “மீன்?” என்று மட்டும் கேட்டார்.

“எட்டு முடிஞ்சுது. இனி முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் இந்த வீட்டில மச்சம் இல்லை. உம்மட வீட்டிலயும்தான். நீரும் துடக்குக்காரர்தானே.”

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்று சொல்லும்போது மட்டும் அவரை உரித்துக்காரர் ஆக்கினார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மயூரா படிக்குக் கீழே நின்றாள். இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் காலையில் ஆசைப்பட்டிருந்தாள். வரதராஜன் படியிறங்கி அவளுக்கு நேரே நின்றார்.

“நீ தெரிஞ்சுதானோ வந்தனி?”

“ஓம் சித்தப்பா.”

அவர் தலையாட்டினார். அவளுடைய கையில் இன்னமும் கார்ச் சாவி இருந்தது.

“அப்ப நீயும் கொப்பருக்கு ஒண்டும் படைக்கேல்லை, என்ன.”

ஏசினால் தாங்கியிருப்பாள். அவர் ஏசவில்லை. விலை விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டு, ரோட்டோரம் விட்டிருந்த தன் காரில் ஏறிப் போனார்.

உள்ளே போனபோது தாய் அவளுடைய பங்கை ஒரு தட்டில் மூடி வைத்திருந்தார். மயூரா தட்டைத் தொடவில்லை. வாசலில் கிடந்த எஸ்கியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். குப்பைத் தொட்டிக்குள் எறியக் கை வரவில்லை, சமைக்கவும் கூடாது, யாருக்குக் கொடுப்பதென்றும் தெரியவில்லை. அப்பாவின் தூண்டில்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். தாயும் கண்டார். எறிந்துவிடு என்றார். மகள் கேட்காததுபோல் இருந்தாள். மறுநாளும் சொன்னார், அதற்கடுத்த நாளும் சொன்னார்.

ஐஸ் உருகியது. குளிர்காலம் என்றாலும் மீன் மீன்தானே. கராஜிலிருந்து நாற்றம் முதலில் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வந்தது, பிறகு ஹோலுக்கு வந்தது. சந்திரவதனா மஞ்சள் தண்ணீர் தெளித்தார், சாம்பிராணி காட்டினார். சாம்பிராணியும் மீனும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிட்னி டூங்கபியிலிருந்து பிளேன் ஏறி வந்த ஒரு மாமி கதிரையில் இருந்தவாறே மூக்கைச் சுருக்கி, “முப்பத்தொண்டு இன்னும் ஆகேல்லையெல்லோ?” என்று மரியாதையாகக் கேட்டார். சந்திரவதனா மகளின் பக்கம் திரும்பினார். எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது?

“மயூரா, அதைத் தூக்கிக்கொண்டுபோய் எறி.”

“கேட்டது நீங்கள்தானே அம்மா” என்றாள் மகள், சோபாவிலிருந்து எழும்பாமல். “நீங்களே தூக்குங்கோ.”

வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சந்திரவதனா கராஜுக்குப் போய் எஸ்கியின் இரண்டு பக்கப் பிடியையும் பிடித்துத் தூக்கினார். உள்ளே தண்ணீர் ஆடியது. மூடி சரியாகப் பூட்டவில்லை. வாசலைத் தாண்டும்போது கறுத்த தண்ணீர் வழிந்து வெள்ளைச் சேலையில் இறங்கியது. மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். உதவிக்கு ஒரு கை நீளுமா என்று சந்திரவதனா ஒருமுறை நின்று பார்த்தார். பிறகு தனியாகவே அதைச் சுமந்துகொண்டு குப்பைத் தொட்டி இருந்த இடத்துக்கு நடந்தார்.